நான்காம் கவுன்ட்டருக்கு நெட் வந்த கதை

"சார், கொஞ்சம் நெட் குடுங்களேன்."

கொஞ்சம் ரசம் ஊற்றுங்களேன் என்று நாம் கேட்போமில்லையா... அதே தொனி. கேட்டவர் தேவகி. இடம், எங்கள் ஆபீஸ் கேன்டீன். என் தட்டில் சாம்பார் சாதம். அவர் கையில் வழக்கமான கரண்டிக்குப் பதிலாகக் கறுப்பாக ஒரு மெஷின். கார்டைச் செருகி, நாலு நம்பரை அழுத்திப் பணம் கட்டுவோமே — அந்த மெஷின்.

வாராவாரம் இந்தப் பக்கத்துக்கு வருகிறவர்களுக்குத் தெரியும், எழுதுவது என் ஞாயிற்றுக்கிழமை வேலை. மற்ற நாட்களில் திருவேற்காட்டிலிருந்து பைக்கை முறுக்கிக்கொண்டு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஐ.டி. கம்பெனிக்குப் போகிறேன். அங்கே நான் இருக்கும் பிரிவின் பெயர் — சிரிக்காதீர்கள் — நெட்வொர்க் சப்போர்ட்.

அதனால்தான் தேவகி என்னிடம் வந்து நின்றார்.

முதலில் அவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வயது நாற்பத்தெட்டு. கள்ளிக்குப்பத்தில் பிறந்து, கள்ளிக்குப்பத்திலேயே வாழ்க்கைப்பட்டவர். இதே எஸ்டேட்டில் எலெக்ட்ரிகல் சாமான் செய்யும் ஒரு கம்பெனியில் பதினேழு வருஷம் லைனில் நின்று ஸ்விட்ச் பொருத்தினார். கம்பெனி வேறு ஊருக்குப் போய்விட்டது. தேவகி சமையலில் இறங்கினார். இப்போது வீட்டில் சமைத்து, குட்டியானை வேனில் ஏற்றிக்கொண்டு பதினொன்றரைக்கெல்லாம் எங்கள் கேன்டீனுக்கு வந்துவிடுவார். கூடவே நாத்தனார் வசந்தா. சாம்பார் சாதம், வத்தக்குழம்பு, புதன்கிழமை மட்டும் மீன்குழம்பு. புதன்கிழமைகளில் எங்கள் ஆபீஸில் யாரும் லீவு போடுவதில்லை என்பதைக் கவனித்திருக்கிறேன்.

கேன்டீனில் ஐந்து கவுன்ட்டர்கள். முதல் இரண்டும் ஒரு பெரிய கேட்டரிங் நிறுவனத்துடையவை. மூன்றாவது ஜூஸ் கடை, ஐந்தாவது தோசைக் கடை. நடுவில் நான்காவது, தேவகியுடையது.

சிக்கல் என்னவென்றால், அந்தக் கேன்டீன் இருப்பது தரைத்தளத்தில், கார் பார்க்கிங்குக்குப் பின்னால். தலைக்கு மேலே இன்னும் மூன்று அடுக்குக் கார் பார்க்கிங். எங்கே பார்த்தாலும் கான்கிரீட். போனில் ஒரு கோடு சிக்னல்கூட வராது. இத்தனை நாள் அது யாருக்கும் பிரச்னையாக இல்லை. எங்கள் போன்களில் ஆபீஸ் வைஃபை இருக்கிறது. கியூஆர் கோடை ஸ்கேன் செய்து பணத்தை அனுப்பிவிடுவோம். 'பணம் வந்தது' என்று சொல்ல வேண்டிய தேவகியின் ஸ்பீக்கர் டப்பா மட்டும் சிக்னல் இல்லாமல் வாய் திறக்காது. வசந்தா ஒவ்வொரு போனிலும் பச்சை டிக்கை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் அப்பளம் வைப்பார்.

திடீரென்று கம்பெனி ஒரு மாற்றம் கொண்டுவந்தது. சாப்பாட்டுக்கான படியை இனி தனிக் கார்டில் போட்டுத் தருவார்களாம். அந்தக் கார்டு சாப்பாட்டுக்கு மட்டும்தான் செல்லும். மெஷினில்தான் தேய்க்க வேண்டும். ஓசிப் பணம் மாதிரி கையில் ஒரு கார்டு இருக்கும்போது யார் சொந்தக் கணக்கிலிருந்து கொடுத்துச் சாப்பிடுவார்கள்?

நிர்வாக மேலாளர் சதீஷ் நல்ல மனிதர்தான். ஆனால் நறுக்கென்று சொல்லிவிட்டார். "திங்கட்கிழமை மதியம் உங்க கவுன்ட்டர்ல கார்டு எடுக்கணும்மா. இல்லன்னா அந்த இடத்த கேட்டரிங்காரங்க கேக்குறாங்க. என்னால ரொம்ப நாள் தள்ளிப்போட முடியாது."

அன்று வியாழன்.

மெஷின் கொடுத்தவர் அதற்குள் ஒரு சிம்மைப் போட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். சிம் இருந்து என்ன? சிக்னல் வேண்டுமே. கேட்டரிங் நிறுவனத்துக்குத் தனியாக இன்டர்நெட் லைன் உண்டு. அதே மாதிரி தேவகியும் இழுக்கலாம் — கட்டட உரிமையாளர் அனுமதி தர ஒரு மாதம் ஆகும். ஆகவே, 'சார், கொஞ்சம் நெட் குடுங்களேன்.'

நான் என்ன சொன்னேன் தெரியுமா? முடியாது என்றேன்.

"அக்கா, ஆபீஸ் வைஃபைல வெளி ஆளுங்க மெஷின சேக்கக் கூடாது. அதுலயும் பணம் கட்டுற மெஷின்... செக்யூரிட்டி ரூல் இருக்கு. நான் சேத்தா என் வேலை போயிடும்."

இதில் பொய் எதுவும் இல்லை. விதி இருக்கிறது, அது நியாயமான விதியும்கூட. தேவகி ஒரு நிமிஷம் மெஷினைப் பார்த்தார்.

"சரி சார். ரூல்ஸுன்னா ரூல்ஸுதான். நீங்க சாப்புடுங்க, ஆறுது பாரு."

கோபித்துக்கொண்டிருந்தால்கூடப் பரவாயில்லை. சரியான பதிலைச் சொல்லிவிட்டு ஒரு மனிதன் சாம்பார் சாதத்தை விழுங்க இவ்வளவு கஷ்டப்படுவானா?

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு டீ குடிக்கப் போகிற சாக்கில் கீழே இறங்கினேன். வசந்தா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். தேவகி கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்று, ஒரு கையில் போன், இன்னொரு கையில் மெஷினோடு கஸ்டமர் கேரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"தமிழ்ல பேசும்மா... ஆங்... நீ தமிழ்ப் பொண்ணுதானே, அப்புறம் இன்னாத்துக்கு இந்தில ஆரம்பிச்ச? ... ரீஸ்டார்ட்டா? அத்த ஆறு தபா பண்ட்டேன். வேற சொல்லு."

அந்தப் பக்கம் என்னவோ சொன்னார்கள். தேவகி மெஷினைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொள்ளப் பார்த்தார். அப்புறம்தான் அது போன் இல்லை என்று தெரிந்து இடம் மாற்றினார்.

"ஏ.பி.என்-னா? எங்க கீது அது? ... மெனு... செட்டிங்... இரு, இரு, ஓட்டாத. நெட்வொர்க்கு... ஆங், இந்தா கீது. காலியா கீதே! ... இன்னா போடணும்? ஒண்ணொண்ணா சொல்லு."

சிம் போட்டவர் அந்தப் பெட்டியை நிரப்பாமலே போயிருக்கிறார். எந்த வழியாக இன்டர்நெட்டுக்குப் போக வேண்டும் என்று சிம்முக்குச் சொல்லும் விலாசம் அது. விலாசம் இல்லாத கவர் மாதிரி மெஷின் இரண்டு நாளாக உட்கார்ந்திருந்தது. தேவகி அரிசி மூட்டையிலிருந்து கிழித்த அட்டையில் எழுத்துகளைக் குறித்துக்கொண்டார். பிறகு மெஷினின் பொத்தான்களில் டொக் டொக்கென்று அழுத்தினார். பழைய பட்டன் போன் மாதிரி 'எஸ்' வேண்டுமென்றால் ஏழாம் நம்பரை நாலு முறை அழுத்த வேண்டும். அவர் விரல் ஒரு முறைகூடத் தவறவில்லை. பதினேழு வருஷம் ஸ்விட்ச் பொருத்திய விரல்!

மெஷினின் மூலையில் கோடுகள் எழும்பின. ஒன்று... இரண்டு... மூன்று.

"சார், உங்க கார்டு குடுங்க."

கொடுத்தேன். ஒரு மோருக்கான காசு. மெஷின் யோசித்தது. கர்ர்ரென்று சீட்டு வெளியே வந்தது. தேவகி அதைக் கிழித்து இரண்டு பக்கமும் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு.

சிரிப்போடு கேன்டீனுக்குள் போனோம். கார் பார்க்கிங்கைத் தாண்டியதும் கோடுகள் ஒவ்வொன்றாக விழுந்தன. நான்காம் கவுன்ட்டருக்கு வந்தபோது ஒன்றுமில்லை.

"உடு அண்ணி," என்றார் வசந்தா, கை ஈரத்தைப் புடவையில் துடைத்தபடி. "இத்த வெச்சுகினு ரெண்டு நாளா அல்லாடுற. நம்ம தெருவுலயே ஒரு கடைய போட்டுக்கலாம். இவங்க தயவு நமக்கு இன்னாத்துக்கு?"

தேவகி மெஷினை ஒரு துணியால் துடைத்து, கல்லா மேல் வைத்தார். பிறகு என்னைப் பார்த்துத்தான் பேசினார்.

"கம்பெனில ஒரு வெள்ளிக்கிழமை கூப்டு, 'திங்கக்கிழமைலேந்து வராதீங்க'ன்னாங்க சார். இன்னா ஏதுன்னு ஒரு வார்த்தை கேக்கல நானு. காட்ன எடத்துல கையெழுத்து போட்டுட்டு, டிபன் பாக்ஸ எடுத்துகினு ஊட்டுக்கு வந்துட்டேன். அன்னிக்கி எதுனா கேட்டிருந்தா எதுனா ஆயிருக்குமான்னு தெரியாது. ஆனா நான் கேக்கல பாரு... அது இன்னும் உள்ள குத்திகினே கீது. இந்தத் தபா கெளம்ப மாட்டேன். இங்க சிக்னல் இல்லன்னு யாரு சொன்னது? இல்லையா, இல்ல நம்ம இன்னும் தேடலையா?"

நெட்வொர்க் பிரிவில் இத்தனை வருஷம் குப்பை கொட்டிய எனக்கு அந்தக் கேள்வி தோன்றவே இல்லை என்பதைப் பதிவு செய்துகொள்கிறேன்.

மறுநாள் சனிக்கிழமை. எனக்கு ஷிப்ட் இருந்தது. கேன்டீனில் பாதிக் கூட்டம்கூட இல்லை. ஒன்றரை மணிக்கு வியாபாரத்தை முடித்துவிட்டு தேவகி தேடத் தொடங்கினார்.

தேடுவது என்றால்... நீங்கள் கற்பனை செய்கிற மாதிரி ஸ்டைலாக எதுவும் இல்லை. தன் பழைய போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி சுவரோரமாக ஒவ்வொரு அடியாக நடந்தார். தூண், தண்ணீர் கேன், தட்டு கழுவும் தொட்டி, தீயணைப்புச் சிலிண்டர். நான் பின்னாலேயே மெஷினைப் பிடித்துக்கொண்டு. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எங்களைப் பார்த்தார்கள். 'சார், புதையலா?' என்று ஒரு பையன் கேட்டான். என் டீமில் இருப்பவன்தான். திங்கட்கிழமை கவனித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

கை கழுவும் இடத்தில், சுவரின் உச்சியில் வெளிக்காற்றுக்காக ஒரு வென்டிலேட்டர் இருக்கிறது. அதற்குக் கீழே வந்ததும் தேவகி நின்றார்.

"சார்! ஒரு கோடு!"

ஸ்டூல் கொண்டுவந்தோம். ஏறினார். போனை வென்டிலேட்டர் விளிம்பில் வைத்தார். மூன்று கோடு.

அடுத்த நிமிஷமே சதீஷிடம் போய் நின்றோம். கவுன்ட்டரை அங்கே நகர்த்தலாமா? கை கழுவும் இடத்தில் சாப்பாட்டுக் கடையா, சுகாதாரத்துறை வந்தால் யார் பதில் சொல்வது என்று கேட்டார். நியாயமான கேள்வி. திரும்பி வந்தோம்.

இங்கேதான் எனக்கு மூளை வேலை செய்தது. மெஷினுக்குள் வைஃபையும் இருக்கிறது. ஆபீஸ் வைஃபை வேண்டாம். வென்டிலேட்டரில் ஒரு போனை வைத்து, ஹாட்ஸ்பாட் போட்டால்? மொபைல் இன்டர்நெட்டை அந்தப் போன் வாங்கி, வைஃபையாக மாற்றி, நாற்பது அடி தள்ளியிருக்கும் நான்காம் கவுன்ட்டருக்கு அனுப்பிவிடுமே!

என் போனை எடுத்தேன். கொஞ்சம் விலை அதிகமான போன். பெருமையாக விளிம்பில் வைத்து ஹாட்ஸ்பாட்டைப் போட்டேன். மெஷினில் தேடினோம். என் பெயர் வரவில்லை. மறுபடி தேடினோம். மேல் மாடியில் யார் யாருடைய வைஃபையோ வந்தது. என்னுடையது மட்டும் இல்லை. அணைத்துப் போட்டேன். பெயரை மாற்றினேன். இருபது நிமிஷம். வியர்த்துவிட்டது.

"ஒத்து வராதுக்கா," என்றேன். "இந்த மெஷின் வைஃபை சரியில்லன்னு நெனைக்கிறேன்."

"என் போன வெச்சுப் பாக்கலாமா?"

அவருடைய போன் ஓரத்தில் கீறல் விழுந்தது, வாங்கி ஆறு வருஷம் ஆனது. என்னுடையதிலேயே வரவில்லை, இதில் எங்கே என்று நினைத்தேன். நல்லவேளை, வாய்விட்டுச் சொல்லவில்லை. ஹாட்ஸ்பாட் எங்கே இருக்கிறது என்று காட்டினேன். போட்டார். மெஷினில் தேடினோம்.

முதல் வரியிலேயே வந்து நின்றது.

"உங்குது பெரிய போனு சார். அது பேசறது இதுக்குப் புரியல போல."

நெற்றியில் அடித்துக்கொண்டேன். அவர் விளையாட்டாகச் சொன்னது அட்சரம் பிசகாத உண்மை. புதுப் போன்கள் ஹாட்ஸ்பாட்டை ஒரு புது அலைவரிசையில் விடுகின்றன. இந்த மாதிரி சின்ன மெஷின்களுக்குப் பழைய அலைவரிசைதான் தெரியும். என் போனில் அதை மாற்ற ஒரு பட்டன் இருக்கிறது. அது எனக்குத் தெரியும். தெரிந்த ஒரு விஷயம், தேவைப்படும் நேரத்தில் மண்டைக்குள் எங்கே போய் ஒளிந்துகொள்கிறது? இருபது வருஷமாக இந்தத் துறையில் இருக்கிறேன். அதில் கடைசிப் பத்து வருஷம் மீட்டிங்கில் இருக்கிறேன். அதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

பாஸ்வேர்டு எட்டு எழுத்தாவது இருக்க வேண்டும் என்றேன். மெஷினில் அழுத்தச் சுலபமாக எல்லாமே நம்பராக வைத்துக்கொண்டார். "பழைய கம்பெனி டோக்கன் நம்பரு சார். நாலு நம்பர். ரெண்டு தபா போட்டா எட்டு." சொல்லிவிட்டு, நான் பார்க்காதபடி கையால் மறைத்துக்கொண்டு அழுத்தினார். (இதை அச்சுக்கு அனுப்பும் முன் பாஸ்வேர்டை மாற்றச் சொல்லிவிட்டேன். யாரும் முயற்சி செய்ய வேண்டாம்.)

இணைந்தது. கவுன்ட்டரிலிருந்து ஒரு மோர். கர்ர்ர். சீட்டு வந்தது. இன்னொரு மோர். இன்னொரு சீட்டு. அன்றைக்கு எனக்கு ஜலதோஷம் பிடித்தது தனிக்கதை.

மீதி ஏற்பாட்டையெல்லாம் தேவகியே பார்த்துக்கொண்டார். கை உலர்த்தும் மெஷின் ஒன்று ரொம்ப நாளாக ரிப்பேராகிக் கிடந்தது. அதன் பிளக் பாயின்ட்டைச் சார்ஜருக்குக் கேட்டு வாங்கினார். தண்ணீர் தெறிக்காமல் இருக்க, போனை மூடி இல்லாத பிளாஸ்டிக் டப்பாவில் சாய்த்து வைத்தார். வசந்தா அந்த டப்பாவை விளிம்போடு சேர்த்துக் கயிற்றால் கட்டினார். 'தெருவுல கடை போடலாம்' என்று சொன்ன அதே வசந்தாதான். மூன்று முடிச்சு போட்டார்.

திங்கட்கிழமை.

பன்னிரண்டரைக்கே நான் கீழே ஆஜர். எல்லார் கையிலும் புதுக் கார்டு. சதீஷ் தூணோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். முதல் கார்டு — போனது. இரண்டாவது — போனது. ஐந்து, பத்து... தேவகி ஒரு கையால் சாதம் போட, மறு கையால் மெஷினை நீட்ட, வரிசை நகர்ந்துகொண்டே இருந்தது. வசந்தாவுக்குப் பச்சை டிக் பார்க்கும் வேலை இல்லாததால் அப்பளம் தாராளமாகவே விழுந்தது.

திடீரென்று மெஷின் நின்றது. 'இணைப்பு இல்லை.'

வரிசையில் இருபது பேர். கார்டைச் செருகிய பெண் அதை உருவி, மறுபடி செருகினாள். இல்லை. பின்னாலிருந்த இரண்டு பேர் சத்தமில்லாமல் முதல் கவுன்ட்டர் பக்கம் நகர்ந்தார்கள். சதீஷ் கட்டிய கையைப் பிரித்தார்.

தேவகி கரண்டியை வசந்தாவிடம் கொடுத்துவிட்டு ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன். தூரத்திலேயே கேட்டுவிட்டது — டப்பாவுக்குள் போன் அடித்துக்கொண்டிருந்தது. பழைய போன். அழைப்பு வந்தால் இன்டர்நெட் அறுந்துவிடும்.

ஸ்டூலில் ஏறி, ஸ்பீக்கரைத் தட்டினார்.

"வணக்கம் மேடம், கஸ்டமர் கேர்ல இருந்து பேசறோம். கார்டு மெஷின்ல இன்டர்நெட் கனெக்ட் ஆகலைன்னு கம்ப்ளைன்ட் குடுத்திருந்தீங்க. உங்க பிரச்னை தீர்ந்துடுச்சா மேடம்?"

"தீந்துச்சும்மா! நீ போன வெச்சீன்னா தீந்துரும்!"

வைத்தார்கள். கோடுகள் எழும்பின. நாங்கள் திரும்பி வருவதற்குள் கவுன்ட்டரில் கர்ர்ர் என்று சத்தம். வசந்தா சீட்டைக் கிழித்து உயர்த்திக் காட்டினார், பரீட்சையில் பாஸான மாதிரி. அந்தப் பக்கம் போன இரண்டு பேரும் ஒன்றும் தெரியாதவர்கள் போல வரிசையில் வந்து சேர்ந்துகொண்டார்கள்.

இரண்டு மணி வரை மெஷின் அப்புறம் நிற்கவே இல்லை. கடைசியாக வந்தவர் சதீஷ். கார்டை நீட்டி, "ஒரு சாம்பார் சாதம்மா," என்றார். தேவகி கார்டை வாங்கிச் செருகி, நம்பரை அழுத்தச் சொல்லி மெஷினை அவர் பக்கம் திருப்பிவிட்டு, தான் மரியாதையாக வேறு பக்கம் பார்த்தார். சீட்டு வந்ததும் அவரிடம் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் வியர்வையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அன்று காலையிலிருந்து அவர் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அன்று சாயங்காலமே, அழைப்பு வராமல் இருக்க, யாருக்கும் நம்பர் தெரியாத ஒரு புது சிம்மை வாங்கி அந்தப் போனில் போட்டுவிட்டார்.

நான் ஒன்றை யோசித்துப் பார்க்கிறேன். 'நெட்வொர்க் இல்லை' என்று ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்கிறோம்? சொல்லிவிட்டுக் கையை விரித்துவிடுகிறோம். எங்கே வரை இருக்கிறது, எங்கேயிருந்து இல்லை, ஏன் இல்லை என்று நாலு அடி நடந்து பார்க்கிறவர் எத்தனை பேர்? படிப்பு எனக்கு அலைவரிசையைச் சொல்லிக் கொடுத்தது. சுவரோரமாக நடக்கச் சொல்லிக் கொடுக்கவில்லை.

போன புதன்கிழமை ஜூஸ் கடைக்காரரும் தோசைக் கடைக்காரரும் தங்கள் மெஷின்களைத் தூக்கிக்கொண்டு நான்காம் கவுன்ட்டருக்கு வந்தார்கள். மீன்குழம்பு பரபரப்பு முடிந்ததும், தேவகி இருவர் போனிலும் ஹாட்ஸ்பாட் போட்டு, மெஷின்களை அதோடு இணைத்துக் கொடுத்தார். வென்டிலேட்டரில் இப்போது மூன்று டப்பாக்கள் இருக்கின்றன.

நேற்று கேன்டீன் வாசலில் சதீஷ் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார். 'கார்டு மெஷினில் இணைப்புக் கோளாறு இருந்தால் நான்காம் கவுன்ட்டர் திருமதி தேவகியை அணுகவும்.'

அதன் கீழே பேனாவில் யாரோ சேர்த்திருந்தார்கள் — 'சாப்பாடு முடிஞ்ச பிறகு மட்டும்.'